ஆறாவது ஷரத்து

லேபர் கோர்ட் வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. அதன் ஒரு முனையில் நான். மறுமுனையில் தையல்நாயகி அக்கா. நடுவில் அவர் கட்டிக்கொண்டு வந்திருந்த தூக்குவாளி. மூடியின் இடுக்கிலிருந்து புளிச்சோற்று வாசம் வந்துகொண்டிருந்தது.

முதல் பாசஞ்சரில் நீடாமங்கலத்தில் ஏறி, தஞ்சாவூரில் வண்டி மாறி வந்திருந்தோம். அக்காவை ரைஸ்மில்லிலிருந்து நீக்கி அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலையைத் திரும்பக் கேட்டு அவர் போட்ட கேஸ் வாய்தா மேல் வாய்தாவாகப் போய், அன்றைக்குத்தான் சாட்சி விசாரணைக்கு வந்திருந்தது. மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அவருக்கு நான்தான் சாட்சி.

வக்கீல் என்னை மட்டும் குழாயடிப் பக்கம் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். ஒப்பந்தத்துல ஆறாவது ஷரத்து புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களான்னு மில் தரப்பு வக்கீல் கேப்பாரு. இங்கிலீஷ்ல இருந்துச்சு, எனக்குப் புரியலன்னு சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"புரியலன்னு சொன்னா மொத்த ஒப்பந்தமும் செல்லாதுன்னு அவங்க கிளப்ப மாட்டாங்களா சார்?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "கிளப்புனா அப்பப் பாக்கலாம். இன்னைக்கு இந்தம்மாவோட வேலைதான கேஸு?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"என்னா சொன்னாரு?" என்று கேட்டார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. கேக்கறதுக்குப் பதில் சொன்னா போதுமாம்."

"அவ்வளவுதான? உள்ளதச் சொல்லிட்டு வா. நீ என்னா பொய்யா சொல்லப் போற?"

இந்தத் தொடரில் மில்லைப் பற்றி இரண்டு வாரமாக எழுதி வருகிறேன். பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர், 'சங்கத்தை ஆரம்பித்த நீங்களே ஏன் அதை விட்டு விலகினீர்கள்?' என்று கேட்டு எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தப் பெஞ்சிலிருந்து கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பண்ணை ஆளா, மில் ஆளா?

எங்கள் ஊர் மில் புழுங்கலரிசி மில். தொட்டியில் ஊறவைத்து அவித்த நெல்லைப் பெண்கள் கூடையில் சுமந்துவந்து சிமெண்டுக் களத்தில் கொட்டுவார்கள். பிறகு வெயிலில் நடந்து நடந்து காலால் கிளறிவிடுவார்கள். சித்திரை மாதத்தில் அந்தச் சிமெண்டில் ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியாது. நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அங்கே நிறுவை எழுதப் போனவள். பெரிய தெருப் பெண். களத்தில் நடந்தவர்கள் எல்லாரும் தெற்குத் தெருக்காரர்கள்.

முதலாளிக்கு மில்லோடு நிலமும் உண்டு. நில உச்சவரம்பு வந்த பிறகு அந்த நிலம் காகிதத்தில் பல பேருக்குப் பிரிந்துபோயிருந்தது. அதில் சிலர் பினாமி. ஒருவர் அவர் வீட்டுச் சமையல்காரர். கோட்டையில் ஆட்சி மாறியதும் மில் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த படமும் மாறியது. ஆணி மட்டும் பழையது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் கூலியை உயர்த்திக் கேட்டதற்காக வீடுகள் எரிந்தன, மனிதர்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் வயல் கூலிக்கென்று தனியாகச் சட்டம் போட்டார்கள். மில்லுக்கு வேறு சட்டம். வயலுக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டை முதலாளி தனக்கு வேண்டியபடி நகர்த்திக்கொண்டார். அறுவடை என்றால் களத்துப் பெண்களை வயலுக்கு அனுப்புவார். மழை என்றால் வயல் ஆட்களை மில்லுக்குக் கொண்டுவருவார். பெயர்களெல்லாம் பண்ணைப் பேரேட்டில்தான் இருந்தன. சட்டப்படி அந்த மில்லில் வேலை செய்தவர்கள் என்று பார்த்தால் டிரைவர், பாய்லர்காரர், மேனேஜர், நான்.

ஒருநாள் தொட்டி மடை பிடுங்கிக்கொண்டு, கொதிக்கிற தண்ணீர் ஒரு பெண்ணின் இடுப்புக்குக் கீழே ஊற்றிவிட்டது. அவரை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு இன்னைக்கு நாத்துப் பறிக்க வந்ததா எழுதிடும்மா" என்றார். எழுதினேன்.

சாயங்காலம் தையல்நாயகி அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனால் அதுவரை என்னை 'நீங்க, வாங்க' என்றுதான் சொல்வார். நான் அவரை 'தையலு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அவளை எந்த நோட்டுல எழுதுனீங்கம்மா?"

"பண்ணை நோட்டுல."

"நாளைக்கு நான் வெந்தா என்னையும் அதுலதான் எழுதுவீங்களா?"

நான் தலையைக் குனிந்து நோட்டை மூடினேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அவர் கால் வைத்த இடத்தில் ஈரத் தவிடு தடமாக இருந்தது.

ஏழு பேர்

மன்னார்குடியில் ஒரு தொழிற்சங்க ஆபீஸ் இருந்தது. நானும் அக்காவும் பஸ் ஏறிப் போனோம். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அங்கிருந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏழு பேர் கையெழுத்து இருந்தா சங்கத்தைப் பதிவு பண்ணலாம். ஆனா ஒண்ணு. பதிவு பண்ணிட்டா முதலாளி கூப்பிட்டுப் பேசியே ஆகணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. சங்கம் வெச்சுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பேசாம இருக்க அவருக்கும் உரிமை உண்டு. அவரைப் பேச வைக்கிறது உங்க பாடு."

அந்த ஏழு பேர் கையெழுத்தும் என் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. தெற்குத் தெருப் பெண்கள் என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. என் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போனவர், அவர்கள் போகும்வரை வரவில்லை. அக்கா ஒரு வாரமாகச் சிலேட்டில் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தார். நீளமான பெயர். எழுதி முடித்ததும் கையை உதறிக்கொண்டு, "எங்கப்பன் ராசாத்தின்னு வெச்சிருக்கக் கூடாதா?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன்: "நீங்க தலைவர். நான் செயலாளர். இனிமே என்னை நீ, வா, மரகதம்னு கூப்பிடுங்கக்கா." முதலில் நாக்கு புரளவில்லை அவருக்கு. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

பதிவுச் சான்றிதழ் வந்தது. கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். எல்லாருடைய பெயரும் மில்லின் ஆள் பதிவேடான மஸ்டர் ரோலில் ஏற வேண்டும், களத்தோரம் ஒரு கொட்டகை வேண்டும், கூலி உயர வேண்டும். மேனேஜர் கவரைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். லேபர் ஆபீசருக்கு மனுப் போட்டோம். அவர் சமரசப் பேச்சுக்கு இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். முதல் இரண்டு தடவை முதலாளி தரப்பில் யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை மில் வக்கீல் வந்து ஒரே வரியில் முடித்தார்.

"இவங்க தொழிலாளிகளே இல்ல சார். பண்ணை ஆளுங்க. இது உங்க அதிகாரத்துக்குள்ளயே வராது."

லேபர் ஆபீசர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு முன்னால் இருந்த நோட்டில் எல்லாப் பெயரும் பண்ணைக் கணக்கில்தான் இருந்தன. பாதிக்கு மேல் நான் எழுதியவை.

அக்கா எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, உள்ளங்காலைக் காட்டினார். அது மனிதக் கால் மாதிரி இல்லை. காய்ந்து கறுத்து, தோல் தோலாக வெடித்து, எருமைத் தோல் மாதிரி இருந்தது.

"அய்யா, வயலு சேறு. சேத்துல நின்னவங்களுக்குச் சேத்துப்புண்ணு வரும். இது சிமிட்டி சுட்டது. எந்த வயல்ல அய்யா சிமிட்டி போட்டிருக்காங்க?"

ஆபீசர் அந்த நோட்டைத் தள்ளிவைத்தார். பிறகு மில் வக்கீலைப் பார்த்து, "நான் நேர்ல வந்து மில்லைப் பாக்கறேன்" என்றார். வந்தார். நிறுவை மேஜையில் வைத்து என்னிடம் கேட்டார். யார் யார் எந்த நாளில் களத்தில் நடந்தார்கள் என்று நானே சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எனக்கு அந்த மேஜை இல்லை. களத்துக்குப் போய்க் கூடை தூக்கச் சொன்னார்கள்.

வேலைநிறுத்தம்

ஆபீசர் வந்து பார்த்துப் போன பிறகும் முதலாளி பெயர்களை மாற்றவில்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் குவிந்த சமயத்தில் வேலைநிறுத்தம் தொடங்கினோம். சங்கத்தில் நாற்பத்திரண்டு பேர். நாட்கள் வாரங்களாயின. வயல் வேலைக்கும் எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஊர் மிராசுதார்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டார்கள். சிலர் வீட்டில் மரவள்ளிக் கிழங்குதான் இரண்டு வேளையும்.

ஒருநாள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். அக்கா மில் வாசலில் லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டார். மேனேஜர் இறங்கிவந்து கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் அவரே வாய்க்காலில் விழுந்தார். நாற்பது பேர் பார்த்தோம்.

மேனேஜரைத் தள்ளிவிட்டதாக அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. மில்லுக்குள்ளேயே விசாரணை நடத்தினார்கள். விசாரித்தவர் மில் வக்கீலின் ஜூனியர். அக்காவை வேலையை விட்டு நீக்கினார்கள். பண்ணை ஆள் என்றவர்களே, நீக்குகிற ஓலையில் மட்டும் 'மில் தொழிலாளி' என்று எழுதியிருந்தார்கள்.

"பாத்தியா, இப்பவாச்சும் ஒத்துக்கிட்டானுவ" என்று அக்கா அதைத் தெருவில் எல்லாரிடமும் காட்டினார்.

கையெழுத்து

முதலாளிக்கும் நெல் வீணாகிக்கொண்டிருந்தது. லேபர் ஆபீசர் மறுபடியும் கூப்பிட்டார். அன்று அக்காவுக்குக் காய்ச்சல். செயலாளர் என்ற முறையில் நான் மட்டும் போனேன்.

ஒப்பந்தம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. இங்கிலீஷில். ஏழு ஷரத்துகள். பெயர்கள் மஸ்டர் ரோலில் ஏறும். கொட்டகை போடுவார்கள். கூலி உயரும். நாங்கள் கேட்டதில் முக்கால்வாசி அதில் இருந்தது.

ஆறாவது ஷரத்தைப் படித்தேன். வேலைநிறுத்தக் காலத்தில் எடுத்த ஒழுங்கு நடவடிக்கைகள் முடிந்துபோனவை என்று சங்கம் ஏற்கிறது, அவை பற்றிச் சங்கமோ எந்தத் தொழிலாளியோ இனிப் பிரச்சினை எழுப்புவதில்லை. அப்படி நீக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான்.

எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். இரண்டு தடவை படித்தேன்.

"இந்த ஒண்ணை எடுத்துடலாமா சார்?" என்று கேட்டேன்.

மில் வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். "அது இல்லன்னா எதுவுமே இல்லம்மா. முதலாளி நாளைக்கே மில்லைப் பூட்டத் தயாரா இருக்காரு."

லேபர் ஆபீசர் என்னைப் பார்த்தார். "ஆறாவதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"யாரையாச்சும் கலந்து பேசிட்டு வரணும்னா நாளைக்குத் தேதி போடறேன்."

ஒரு நாள் கொடுத்தார். ஊருக்கு ஒரு மணிநேரப் பயணம். போய் அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்குள் முதலாளி மனசு மாறிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. மரவள்ளிக் கிழங்கு வேகிற வாசம் மூக்கிலேயே இருந்தது.

"வேண்டாம் சார். இப்பவே போட்டுடறேன்" என்றேன்.

சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தத்துக்கு ஒரு பலம் உண்டு. கையெழுத்துப் போடாதவரையும், சங்கத்தில் இல்லாதவரையும், நாளைக்கு வேலைக்குச் சேரப் போகிறவரையும் அது கட்டும். நாங்கள் விரும்பியதும் அந்தப் பலத்தைத்தான்.

ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அக்கா காய்ச்சலோடு எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"என் விஷயம் என்னாச்சு?"

"அது தனியா நடக்கும்க்கா. தனியா கேஸ் போட்டுக்கலாம்."

"அது கெடக்கட்டும், மெதுவா பாத்துக்கலாம்" என்றார். அவர் உடம்பு கொதித்தது.

கேஸ் போட்டபோதுதான் மில் தரப்பு ஆறாவது ஷரத்தை எடுத்துக் காட்டியது. ஊரே திகைத்தது. அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். 'மரகதத்துக்கு இங்கிலீஷ் வராது. பச்சப்புள்ளைய உக்காரவெச்சு ஏமாத்திட்டானுவ.' நான் அதை மறுக்கவில்லை. சில வருடங்கள் அப்படியே ஓடின.

கூண்டில்

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். அக்கா முன்வரிசையில் மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்.

மில் வக்கீல் அதிகம் சுற்றவில்லை. "ஆறாவது ஷரத்தைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அர்த்தம் புரிஞ்சுதா?"

எங்கள் வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியவில்லை என்றால் அக்காவுக்கு ஒரு வழி பிறக்கலாம். ஆனால் புரியாமல் போட்ட கையெழுத்து என்று நானே சொன்னால், அந்த ஒப்பந்தத்தை உடைக்க முதலாளிக்குக் கதவைத் திறந்துவிட்டது போல ஆகும். நாற்பத்தோரு பேரின் பெயர் மஸ்டர் ரோலில் அந்தக் காகிதத்தை நம்பித்தான் இருந்தது. அப்படி யோசித்துத்தான் பதில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது தோன்றுகிறது, அந்தப் பொய்யைச் சுமந்து எனக்கு அலுத்துவிட்டிருந்தது. அவ்வளவுதான்.

"புரிஞ்சுது. புரிஞ்சுதான் போட்டேன்."

நீதிபதி அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தூக்குவாளி மூடியை அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ஒரே பெட்டியில்தான் வந்தோம். சாலியமங்கலம் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் மின்னியது.

"உங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். பிறகு, "சோறு இருக்கு, சாப்பிடுறீங்களா?" என்றார்.

அவர் என்னை 'நீங்க' என்று சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. நீடாமங்கலத்தில் இறங்கி அவர் முன்னால் நடந்தார்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் கட்டுப்படுத்தும், மனு தள்ளுபடி. அந்த வாரமே நான் சங்கத்திலிருந்து விலகினேன். பாபநாசம் வாசகருக்கு இதுதான் பதில்.

நாகூரில்

ஒப்பந்தம் நிலைத்தது. மஸ்டர் ரோலில் பெயர் ஏறியவர்களில் பலர் பி.எஃப். வாங்கினார்கள். தெற்குத் தெருவில் இன்று இரண்டு ஆசிரியர்களும் ஒரு நர்ஸும் இருக்கிறார்கள். மூன்று பேரின் அம்மாக்களும் அந்தக் களத்தில் நடந்தவர்கள். தையல்நாயகி அக்காவின் மகன் மட்டும் எட்டாவதோடு நின்று, நாகூரில் ஒரு பாயின் ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போனான். அக்கா சில வருடம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பார்த்துவிட்டு, அவனோடு போய்விட்டார்.

வெகுகாலம் கழித்து அவரைத் தேடிப் போனேன். தர்கா பக்கம் ஒரு சந்தில் ஓட்டு வீடு. பல் எல்லாம் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். யார் மகளுக்குக் கல்யாணம், யார் வீடு கட்டினார்கள் என்று எல்லாம் கேட்டு, எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டார். என்னால் அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். ஆனா நாப்பத்தோரு குடும்பம்…"

கையைக் காட்டி நிறுத்தினார். கோபம் இல்லை அவர் முகத்தில்.

"நாப்பத்தோரு குடும்பம் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். எனக்கு அது தெரியாதாங்க? நீங்க வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன். காய்ச்சல்லதான் கெடந்தேன், செத்தா போயிட்டேன்? நான் தலைவரு. என்னைக் கேக்கலயே நீங்க."

நான் அழுதேன். அவர் அழவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை விசிறிக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். கண்டக்டரிடம், "தம்பி, இவங்களுக்கு முன்னாடி எடம் குடு, ரொம்ப தூரம் போகணும்" என்றார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன்.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. அக்கா சந்துக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.